என்ன கிருமி என்று சொல்லுங்கள்

கீழே கையெழுத்திட்டிருக்கிற நாங்கள் 41 பேர். இதில் 26 பேர் ஆஸ்பத்திரியில் ஒருவரைப் பறிகொடுத்தவர்கள், அல்லது ஒரு நோய்க்குப் போய் இன்னொரு நோயை வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவர்கள். 9 பேர் நர்ஸுகள். 3 பேர் லேப் டெக்னீஷியன்கள். இரண்டு டாக்டர்கள், ஒருவர் நுண்ணுயிரியல், இன்னொருவர் அறுவை சிகிச்சை. மீதி ஒருவர் இருபது வருடமாக வார்டு துடைக்கிற அம்மா. திருச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடத்தில், பந்தி முடிந்த மேசைகளைச் சேர்த்துப் போட்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து பேசி எழுதியது இது. இயக்கத்துக்குப் பெயர் வைப்பதில் மட்டும் ஒத்துப்போக முடியவில்லை. பெயர் பிறகு வரட்டும், வேலையை ஆரம்பித்துவிடுகிறோம்.

எங்களில் ஒருவருடைய அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. வயது 68. ஆபரேஷன் நன்றாக நடந்தது. மூன்றாம் நாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஜன்னல்வரை நடந்தார், இட்லி கேட்டுச் சாப்பிட்டார். ஆறாம் நாள் காய்ச்சல். "கொஞ்சம் இன்ஃபெக்‌ஷன் இருக்கு, ஆன்டிபயாடிக் மாத்தியிருக்கோம்" என்றார்கள். எட்டாம் நாள் மறுபடி மாற்றினார்கள். பத்தாம் நாள் ஐசியு, பதினோராம் நாள் வென்டிலேட்டர். மகள் ஐசியு வாசலில் நின்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டார்: "என்ன கிருமி சிஸ்டர்?" "அதெல்லாம் டாக்டர்தாம்மா சொல்லணும்." டாக்டரிடம் கேட்டால், "ஹையர் ஆன்டிபயாடிக் போயிட்டிருக்கும்மா, பார்ப்போம்." பதினேழாம் நாள் அம்மா இறந்துபோனார். கையில் கொடுத்த காகிதத்தில் காரணம் 'கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்' என்று இருந்தது. இதயமும் மூச்சும் நின்றது என்று அர்த்தம். உலகத்தில் செத்தவர்கள் எல்லாருக்கும் நின்றது அதுதான்.

அந்த மகள் வழக்குப் போடவில்லை, யார்மேலும் பழி சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு மட்டும் இன்றுவரை பதில் கிடைக்கவில்லை. பின்னால் கோப்பை வாங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: பதினோரு நாள் காய்ச்சலில் ஒரே ஒரு முறைதான் ரத்தம் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கிற சோதனைக்குப் போயிருக்கிறது. அதுவும் இரண்டாவது ஆன்டிபயாடிக் ஏறின பிறகு. முடிவு: 'நோ குரோத்'.

ஆஸ்பத்திரியில் சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு வருகிற தொற்று, சேரும்போது உடம்பில் இல்லாதது என்றால், அதை ஆஸ்பத்திரித் தொற்று என்று கணக்கில் எடுக்கிறார்கள். ஆபரேஷன் செய்த இடத்தில் வருவதற்கு 30 நாள், உள்ளே பிளேட்டோ செயற்கை மூட்டோ வைத்திருந்தால் 90 நாள்வரை கணக்கு உண்டு. வீட்டுக்கு வந்து இருபதாம் நாள் தையல் பிரிந்து சீழ் வைத்தாலும் அது ஆஸ்பத்திரிக் கணக்குதான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. "சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைக்கவில்லை," "தண்ணி பட்டிருக்கும்" என்று பழியை நாமே தலையில் போட்டுக்கொள்கிறோம். சர்க்கரையும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் சோதித்துப் பார்க்காமல் அதைச் சொல்ல யாராலும் முடியாது.

உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பணக்கார நாடுகளில் ஆஸ்பத்திரியில் சேரும் 100 பேரில் 7 பேருக்கும், நம்மைப் போன்ற நாடுகளில் 15 பேருக்கும் குறைந்தது ஒரு தொற்றாவது அங்கேயே வருகிறது. வந்தவர்களில் பத்தில் ஒருவர் இறக்கிறார். இந்தியாவில் எய்ம்ஸ் முன்னின்று, 26 ஆஸ்பத்திரிகளின் 89 ஐசியுக்களில் ஒரே முறையில் எண்ணிப் பார்த்து 2022-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்த வேலைக்கு நாங்கள் கைகூப்புகிறோம். ஆனால் உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து நர்சிங் ஹோமில் போன மாதம் எத்தனை பேருக்கு வந்தது? அதற்கு எந்த அறிக்கையும் இல்லை.

சோதனை என்று எதைச் சொல்கிறோம் என்பதை விளக்கிவிட வேண்டும். எங்கள் லேப் டெக்னீஷியன் ஒருவர் அதை மேசைமேல் செய்தே காட்டினார். விரல் நீளத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பாட்டில். உள்ளே கிருமி வளர்வதற்கான சத்துநீர். நோயாளியின் கையை மருந்து தொட்டுத் துடைத்து, காய விட்டு (இந்தக் காய விடுகிற அரை நிமிடத்துக்குத்தான் யாருக்கும் பொறுமை இல்லை என்றார்), எட்டிலிருந்து பத்து மில்லி ரத்தம் எடுத்து அதில் விட வேண்டும். இரண்டு கையில் இரண்டு பாட்டில். ஒன்றில் மட்டும் ஏதாவது வளர்ந்தால் அது தோலில் இருந்த கிருமியாக இருக்கலாம். இரண்டிலும் ஒன்றே வளர்ந்தால் ஆள் அகப்பட்டுவிட்டான். ரத்தத்தை எடுக்க வேண்டியது அடுத்த ஆன்டிபயாடிக் ஏறுவதற்கு முன்னால். ஏறின பிறகு எடுத்தால் கிருமி அரைமயக்கத்தில் கிடக்கும், பாட்டிலில் வளராது. அப்போது வருகிற 'நோ குரோத்' என்ற இரண்டு சொல்லை, "கிருமி ஒண்ணும் இல்லை" என்று வீட்டாருக்கு மொழிபெயர்ப்பார்கள். ராத்திரி எடுத்த பாட்டிலை லேப் திறக்கும்வரை ஃபிரிட்ஜில் வைத்துவிடுவதும் உண்டு. பாலுக்குத்தான் அது சரி. இந்தப் பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது.

லேப்பில் உடம்புச் சூட்டில் பாட்டில் இருக்கும். வளர்ந்தால் பெரும்பாலும் இரண்டு நாளுக்குள் மெஷின் கூப்பிடும். ஒரு சொட்டெடுத்துச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அரை மணியில் பாதி விஷயம் தெரிந்துவிடும்: ஊதாவாக, திராட்சைக் கொத்துப்போல் நின்றால் ஒரு கூட்டம், சிவப்பாக, குச்சி குச்சியாகக் கிடந்தால் இன்னொரு கூட்டம். பிறகு அகர் தட்டில் பரப்பி ஒரு ராத்திரி. (அகர் கடல்பாசியிலிருந்து எடுப்பது. ராமநாதபுரம் கடற்கரைப் பெண்கள் மூச்சடக்கி மூழ்கி எடுத்து வருகிற மரிக்கொழுந்துப் பாசி அந்த வகைதான். அவர்களில் ஒருவருக்கு ஐசியுவில் காய்ச்சல் வந்தால் கல்ச்சர் போடுவார்களா என்று கேட்டார் கூட்டத்தில் ஒருவர். பதில் சொல்ல யாரும் வாயெடுக்கவில்லை.) வளர்ந்த கிருமியை எடுத்துப் புதுத் தட்டில் பரப்பி, அதன்மேல் மருந்து தோய்ந்த சின்னச் சின்ன வட்டத் தாள்களை வைத்து இன்னொரு ராத்திரி விட்டால், வேலை செய்கிற மருந்தைச் சுற்றி வளையமாக ஓர் இடம் வெறுமையாகும். ஸ்கேலை வைத்து மில்லிமீட்டரில் அளப்பார்கள். வளையமே விழாத மருந்தை எத்தனை ஆயிரம் ரூபாய்க்கு வாங்கி ஏற்றினாலும் பிரயோசனம் இல்லை. அந்த அம்மாவுக்கு ஏற்றிய மூன்று ஆன்டிபயாடிக்கில் எதற்கு வளையம் விழுந்திருக்கும்?

இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. வியன்னா பொது ஆஸ்பத்திரியில் 1847-இல் இக்னாஸ் செம்மல்வைஸ் என்கிற டாக்டர் கை கழுவச் சொன்ன கதை பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். அதில் விட்டுப்போகிற பாதி ஒன்று உண்டு. அங்கே இரண்டு பிரசவ வார்டுகள். மருத்துவ மாணவர்கள் பார்க்கிற வார்டில் தாய்மார்கள் அதிகம் செத்தார்கள், மருத்துவச்சிகள் பார்க்கிற வார்டில் குறைவு. இது அவருக்கு எப்படித் தெரிந்தது? அந்த ஆஸ்பத்திரி வார்டு வாரியாகச் சாவுகளை நோட்டில் எழுதி வைத்திருந்தது. 1847 ஏப்ரலில் முதல் வார்டில் நூற்றுக்குப் பதினெட்டு பேர். குளோரின் தண்ணீரில் கை கழுவ வைத்த பிறகு, ஜூனில் நூற்றுக்கு இரண்டை ஒட்டி. நோட்டு இல்லாவிட்டால் கழுவ வேண்டும் என்ற யோசனையும் வந்திருக்காது, கழுவியதால் குறைந்தது என்று காட்டவும் முடிந்திருக்காது. கை கழுவியதை ஞாபகம் வைத்துக்கொண்டோம், எண்ணியதை மறந்துவிட்டோம்.

நம் காலத்திலும் நடந்திருக்கிறது. எம்ஆர்எஸ்ஏ என்கிற மருந்துக்கு அடங்காத கிருமி ரத்தத்தில் ஏறினால் கட்டாயம் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று இங்கிலாந்தில் 2001-இல் உத்தரவு போட்டார்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரி நிர்வாகத்தின் கணக்கும் வெளியே வந்தது. பத்திரிகைகள் கிழித்தன, அமைச்சர்கள் வியர்த்தார்கள். 2003–04-இல் 7,700 பேரை ஒட்டி இருந்த எண்ணிக்கை, பத்து வருடத்துக்குள் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. கணக்கு மட்டுமே அதைச் சாதித்தது என்று சொல்ல மாட்டோம். கை சுத்தம், குழாய் போடும் முறை, உள்ளே வரும்போதே மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டுச் சோதிப்பது என்று பலதும் சேர்ந்தது. ஆனால் அத்தனையையும் துரத்தியது அந்தக் கணக்கு. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஐசியுக்கள் கழுத்து நரம்பில் குழாய் போடுவதற்கு ஐந்தே ஐந்து விதிகள் வைத்துக்கொண்டு, மாதாமாதம் எண்ணி, ஒன்றரை வருடத்தில் அந்தக் குழாய்வழித் தொற்றை மூன்றில் ஒரு பங்காக்கின. 2006-இல் அது பத்திரிகையில் வந்தது.

நம் ஊரிலோ, எண்ணினவரைத் திட்டினோம். 2010-இல் லான்செட் குழுமத்து இதழ் ஒன்றில் வந்த ஆய்வின் முதல் பெயர் சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் கார்த்திகேயன் குமாரசாமி. மிகப் பெரிய ஆன்டிபயாடிக்குகளையும் செல்லாக்காசாக்கும் என்டிஎம்-1 என்கிற மரபணு, சென்னையில் சேகரித்த கிருமிகளில் 44-இல் இருப்பதாக அது சொன்னது. அப்புறம் நடந்த சண்டை எதைப் பற்றித் தெரியுமா? அந்த மரபணுவுக்கு ஏன் புதுடெல்லி என்று பெயர் வைத்தார்கள் என்பது பற்றி. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கிற சதி என்றார்கள். நாடாளுமன்றம்வரை பேச்சு போனது. இரண்டு வருடம் கழித்து, 2012-இல், டாக்டர்களின் பல சங்கங்கள் சென்னையில் கூடி மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றி ஒரு பிரகடனம் செய்தார்கள். சென்னைப் பிரகடனம் என்றே அதற்குப் பெயர். அவர்கள் டாக்டர்களாகப் பேசினார்கள். நாங்கள் படுக்கையில் கிடந்தவர்களாகவும், படுக்கைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர்களாகவும் பேசுகிறோம்.

இங்கே எங்கள் நர்ஸ் சகோதரிகள் சொன்னதை அப்படியே எழுத வேண்டும். முதல் கூட்டத்தில் அவர்கள் பேசவே பயந்தார்கள். "கல்ச்சர் பாசிட்டிவ் வந்தா முதல்ல சிஸ்டரைத்தான் கூப்பிட்டுக் கேப்பாங்க." ராத்திரி டியூட்டியில் ஒரு சிஸ்டருக்கு முப்பது நோயாளி. விதிப்படி ஒவ்வொருவரையும் தொடும் முன்னும் பின்னும் கையில் மருந்து தடவி இருபது முப்பது நொடி தேய்க்க வேண்டும். ஒரு சிஸ்டர் கணக்குப் போட்டுக் காட்டினார்: ஒரு ஷிப்டில் அதற்கே இரண்டு மணி நேரம் போகும். தடவுகிற மருந்துப் பாட்டில் பாதி நாள் காலி. பிபி பார்க்கிற பட்டை ஒன்று. அதே பட்டை படுக்கை படுக்கையாகப் போகிறது. ஆக்ஸிஜன் போகிற குமிழிப் பாட்டிலில் சுத்திகரித்த தண்ணீர் ஊற்ற வேண்டும். இல்லாதபோது குழாய்த் தண்ணீர். துடைக்கிற அம்மா ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார்: "மாப்பு ஒண்ணுதான் சார் குடுக்கறாங்க. கக்கூஸுக்கும் அதான், வார்டுக்கும் அதான்."

ஆகவே இந்த இயக்கம் ஆள் பிடிக்கிற இயக்கம் அல்ல. கல்ச்சர் பாசிட்டிவ் என்றால் இன்னார் தப்பு என்று எந்த உறுப்பினராவது கத்தினால், அவருக்கு நாங்களே எதிரி. கண்ணாடியை உடைக்கிறவர், டியூட்டி டாக்டர் சட்டையைப் பிடிக்கிறவர் எங்களில் ஒருவர் அல்ல. அப்படித் தாக்குகிறவர்களைத் தண்டிக்க 2008-இல் வந்த சட்டம் இருக்கிறது. அது தன் வேலையைச் செய்யட்டும்.

எங்களுக்கு இதைவிட முக்கியமான ஒன்று பூஜ்யம். "எங்க ஆஸ்பத்திரியில் இன்ஃபெக்‌ஷன் ரேட் ஜீரோ" என்று சொல்கிறவரைப் பார்த்தால்தான் எங்களுக்கு அடிவயிற்றைக் கலக்குகிறது. கல்ச்சர் போடாத ஆஸ்பத்திரிக்குத்தான் பூஜ்யம் சுலபமாக வரும். தேடுகிறவருக்குக் கிடைக்கும். நன்றாகத் தேட ஆரம்பித்த ஆஸ்பத்திரியில் முதல் வருடம் எண்ணிக்கை ஏறும், ஏறத்தான் வேண்டும். அப்படி ஏறின எண்ணை எடுத்து ஒரு ஆஸ்பத்திரியைத் தூற்றுகிற பத்திரிகைக்கு நாங்கள் துணை போக மாட்டோம். அந்த ஆஸ்பத்திரி வாசலில் போய் மாலை போடுவோம். பெரிய அரசு ஆஸ்பத்திரிக்கு ஊரெல்லாம் கைவிட்ட கேஸ் வந்து சேரும்; அதையும் பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடியில் நடக்கிற பத்துப் படுக்கை நர்சிங் ஹோமையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. ஒவ்வொருவரும் தன் போன வருடத்தோடு மட்டும் போட்டி போடட்டும்.

இன்னொரு ஜாக்கிரதையும் வேண்டும். சோதனை கேட்கிறவர் பெருகுவதைப் பார்த்து லேப் வியாபாரம் கண் சிமிட்டுகிறது. ஒரே மாதிரியில் இருபது கிருமியைத் தேடுகிற விலை உயர்ந்த பேனல்கள் வந்துவிட்டன. சில நேரம் அவை உயிர் காக்கும். ஆனால் எல்லாருக்கும் எல்லாச் சோதனையும் என்பது எங்கள் கோரிக்கை அல்ல. காய்ச்சலோ வேறு தொந்தரவோ இல்லாத ஒருவர் யூரின் டியூப்போடு இருந்தால், அந்த மூத்திரத்தில் கிருமி வளரத்தான் செய்யும். அதைச் சோதித்து, பாசிட்டிவ் என்று பயந்து, தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் ஏற்றுவது இன்னொரு தப்பு. எங்கள் நுண்ணுயிரியல் டாக்டர் இதை மூன்று தடவை சொல்லி, எழுதவும் வைத்தார். டியூப் தேவையா என்று தினமும் கேட்பது கல்ச்சரைவிட மலிவு.

இனி நாங்கள் கேட்பவை. உள்ளே வந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு ஒருவருக்குக் காய்ச்சலோ மூச்சுத் திணறலோ புண்ணில் சீழோ வந்து, தொற்று என்று டாக்டர் நினைத்தால், ஆன்டிபயாடிக்கைத் தொடங்கும் முன், மாற்றும் முன், கல்ச்சருக்கு எடுக்க வேண்டும். மருந்தைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. செப்சிஸ் (தொற்று முற்றி உறுப்புகள் செயலிழக்கும் நிலை) என்றால் ஒவ்வொரு மணி நேரமும் உயிர். அது எங்களுக்கும் தெரியும். ஊசி ஏறும் முன் ஐந்து நிமிடம் கேட்கிறோம். எடுத்தால், முடிவு வந்ததும் கிருமியின் பெயரையும் எந்த மருந்துக்கு அடங்கும் என்பதையும் தமிழில் ஒரு சீட்டில் எழுதிக் குடும்பத்தின் கையில் கொடுக்க வேண்டும். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகள் ஏற்கெனவே சொல்கின்றன. கேட்கத் தெரியாதவர்களுக்காகக் கேட்காமலே கொடுங்கள் என்பது மட்டும்தான் புதிது.

ஆஸ்பத்திரி வாசலில், டாக்டர்கள் பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில், போன காலாண்டின் தொற்றுக் கணக்கு எழுதிய பலகை இருக்க வேண்டும். ஆயிரம் குழாய்நாளுக்கு (ஒருவருக்கு ஒரு நாள் குழாய் இருந்தால் ஒரு குழாய்நாள்) எத்தனை, நூறு ஆபரேஷனுக்கு எத்தனை, எத்தனை கல்ச்சர் போட்டோம் என்று மூன்று வரி போதும். மூன்றாவது வரி இல்லாமல் முதல் இரண்டை நம்ப மாட்டோம். 250 படுக்கைக்கு ஒருவராவது தொற்றுத் தடுப்புக்கென்றே முழுநேர நர்ஸ் வேண்டும் என்பது பழைய அளவுகோல். 100-க்கு ஒருவர் இருந்தால்தான் உருப்படும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அந்த நர்ஸை ஆள் குறைந்த நாளில் பிரசவ வார்டுக்குத் தூக்கிப் போடக் கூடாது.

இறந்தவர் விஷயத்தில் ஒன்று. ஆஸ்பத்திரிச் சாவுக்குக் காரணம் எழுதுகிற படிவம் 4-இல், கடைசி நிமிடத்தில் எது நின்றது என்பதை எழுதக் கூடாது, எதனால் அங்கே வந்து சேர்ந்தார் என்பதை எழுத வேண்டும் என்று அந்தப் படிவத்திலேயே குறிப்பு இருக்கிறது. 2023-இல் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தைத் திருத்தியபோது, அதன் நகலை நெருங்கிய உறவினருக்குத் தர வேண்டும் என்றும் சேர்த்துவிட்டார்கள். ஆஸ்பத்திரித் தொற்று என்றால் அதை அங்கே எழுதுங்கள். இடுப்பெலும்பு முறிவு, ஆபரேஷன், ஆறாம் நாள் தொற்று, செப்சிஸ். நான்கு சொல் எழுதினால் ஒரு மகள் தூங்குவாள்.

பணம் யார் கொடுப்பது என்பதில்தான் எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. உள்ளே வந்த தொற்றுக்கான கூடுதல் நாட்களுக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது என்றார்கள் பாதிப்பேர். அமெரிக்காவில் முதியோர் காப்பீடு 2008 முதல் இப்படிச் சிலவற்றுக்குக் கூடுதல் பணம் தர மறுக்கிறது. நியாயம்தான். ஆனால் நர்ஸுகளும் அறுவை சிகிச்சை டாக்டரும் ஒரே குரலில் மறுத்தார்கள்: கண்டுபிடித்தால் நஷ்டம் என்றால் யார் கண்டுபிடிப்பார்கள்? மாலை ஆறு மணிவரை வாதாடி, இப்போதைக்கு இப்படி முடித்தோம்: கல்ச்சர் செலவு நோயாளி பில்லில் வரக் கூடாது; முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்குத் தனித் தொகை ஒதுக்க வேண்டும். கூடுதல் நாட்களின் பணத்தைப் பற்றி, கணக்கு வெளியே வர ஆரம்பித்த பிறகு பேசுவோம். சிலருக்கு இதில் திருப்தி இல்லை. அவர்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

எங்கள் பங்குக்கு: நோயாளியின் கட்டில்மேல் உட்கார மாட்டோம். ஐசியுவுக்குள் ஆறு பேராகப் போக மாட்டோம். உள்ளே போகும்போதும் வரும்போதும் கையைத் துடைப்போம்; டாக்டரிடமும் "கை துடைச்சீங்களா சார்" என்று மரியாதையாகக் கேட்போம். சளிக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாடிக் எழுதச் சொல்லிக் கிளினிக்கில் அடம்பிடிக்க மாட்டோம்.

உறுப்பினர் கட்டணம் வருடத்துக்கு இருபது ரூபாய். நர்ஸுகள், துப்புரவுப் பணியாளர்கள் பெயரைப் பட்டியலில் போட மாட்டோம். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிறு பத்து மணிக்குக் கூடுவோம். வரும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, லேப் ரிப்போர்ட், எது இருக்கிறதோ அதன் நகலைக் கொண்டு வாருங்கள். மூலத்தை வீட்டிலேயே வையுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை. எங்கள் டெக்னீஷியன் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகச் சொல்லுவார். அந்த மகளின் கோப்பைத்தான் முதலில் எடுத்திருக்கிறோம்.